ஏர்சென்ஸ் 10 ஆட்டோசெட்: விடியற்காலை மூன்று மணிக்கும் முகத்தில் இருக்கிறதா?

தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷினைப் பல வீடுகளில் குறட்டைக்காகத்தான் வாங்குகிறார்கள். ரெஸ்மெட் நிறுவனத்தின் ஏர்சென்ஸ் 10 ஆட்டோசெட் அந்த வேலையைப் பெரும்பாலும் முதல் ராத்திரியே முடித்துவிடும். பக்கத்தில் படுப்பவர் பல வருஷத்துக்கு அப்புறம் நிம்மதியாகத் தூங்குவார். கொடுத்த பணம் வீண்போகவில்லை என்று வீட்டில் அத்தோடு விட்டுவிடுவார்கள்.

டாக்டர் இதை எழுதிக் கொடுத்ததற்குக் குறட்டை மட்டும் காரணமில்லை. பகலில் கண் சொக்குவது, தெரிந்தவரின் பெயர் நாக்கு நுனியிலேயே நின்றுவிடுவது, அறைக்குள் போய் எதை எடுக்க வந்தோம் என்று விழிப்பது, ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவது, சிக்னலில் வண்டியை நிறுத்திய அரை நிமிஷத்தில் தலை சாய்வது. மூச்சு நின்று நின்று வரும் தூக்கம் மூளையில் செய்கிற வேலை இது. ஏர்சென்ஸ் 10-ஐ இங்கே அந்த ஒரு அளவுகோலால்தான் பார்க்கிறோம்: தூங்குகிற மூளையை இது எத்தனை மணி நேரம், எந்த மணி நேரம் காப்பாற்றுகிறது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மெஷின் நல்ல மெஷின். அதை வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போகிற விதமும், அதன் செயலி போடுகிற மதிப்பெண்ணும்தான் வாங்கியவரைத் திசைதிருப்புகின்றன.

ராத்திரியில் நடப்பது

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அண்ணத்தின் மென்பகுதியும் நாக்கின் அடிப்பகுதியும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை மூடிவிடும். மார்பும் வயிறும் மூச்சுக்காக ஏறி இறங்கும், காற்று மட்டும் போகாது. 10 விநாடிக்குக் குறையாமல் நின்றால் அது ஒரு ஆப்னியா. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், கார்பன் டை ஆக்சைடு ஏறும், கடைசியில் மூளை தன்னைத்தானே எழுப்பிக்கொள்ளும். சில விநாடி விழிப்பு, தொண்டை இறுகும், பெரிதாக ஒரு மூச்சு, மறுபடி தூக்கம். காலையில் இதில் எதுவும் ஞாபகம் இருக்காது. மூச்சு இப்படி நிற்பதோ பெருமளவு குறைவதோ மணிக்கு எத்தனை முறை என்பதுதான் ஏஎச்ஐ எண். 5-க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை. ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 முறை.

மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்குத்தான் போகிறது. அதனால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. தூக்கம் துண்டு துண்டாவதால் கவனம் முதலில் போகும். இங்கே மெதுவாக யோசிப்பதைவிட ஆபத்தானது, நடுநடுவே யோசனை முழுக்க நின்றுபோவது. ஆக்சிஜன் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது ரத்த நாளங்களின் உட்சுவரையும், புது ஞாபகங்களைப் பதிக்கிற ஹிப்போகேம்பஸையும், திட்டமிடவும் கோபத்தை அடக்கவும் வேண்டிய முன்மூளையையும் பாதிக்கிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் குழு 2008-இல் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, ஞாபகத்தோடு தொடர்புடைய மாமில்லரி உறுப்புகள் இந்த நோயாளிகளுக்குச் சிறுத்திருந்தன. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, சராசரி வயது 82 உள்ள 298 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. தூக்கத்தில் மூச்சுக்கோளாறு இருந்தவர்களில் 44.8 சதவீதத்தினருக்கு லேசான அறிவுத்திறன் குறைவோ டிமென்ஷியாவோ வந்தது, இல்லாதவர்களில் 31.1 சதவீதம். இது தொடர்பைக் காட்டுகிற ஆய்வு. ஆப்னியா இருந்தால் மறதி நோய் வந்தே தீரும் என்று இதை வைத்து யாரையும் பயமுறுத்தக் கூடாது.

ரெம் தூக்கம் என்ற கனவுத் தூக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் உடல் தசைகள் ஏறக்குறைய செயலற்றுக் கிடக்கும். அதனால் பலருக்கு ஆப்னியா அப்போதுதான் மிக நீளமாகவும், ஆக்சிஜன் மிகக் கீழே இறங்கியும் வரும். ரெம் ராத்திரி முழுக்கச் சமமாக வருவதில்லை. பெரும்பகுதி பின்பாதியில், விடியலை ஒட்டி. நியூயார்க்கில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், சிபாப் போட்டுத் தூங்குபவர்களுக்கு ரெம் நேரத்தில் மட்டும் அழுத்தத்தைக் குறைத்து ஆப்னியாவை வரவிட்டார்கள். முதல் நாள் கணினியில் பழகிய புதிர்வழிப் பாதையை ஞாபகம் வைத்து மறுநாள் கடப்பது அவர்களுக்குக் கெட்டுப்போனது. மற்றத் தூக்கமெல்லாம் காப்பாற்றப்பட்டிருந்தும் கூட.

'நாலு மணி நேரம் போட்டால் போதும்'

மெஷின் விற்பவர்கள் சொல்கிற இந்த வாக்கியத்தைத்தான் முதலில் மறக்க வேண்டும். நாலு மணி நேரம், 30 நாளில் 70 சதவீத ராத்திரிகள் என்பது அமெரிக்கக் காப்பீட்டில் மெஷினுக்குத் தொடர்ந்து பணம் தருவதற்கு வைத்த கணக்கு. அது மூளைக்கு இவ்வளவு போதும் என்று அளந்து சொன்ன மருந்தளவு கிடையாது.

அளந்து பார்த்த ஆய்வு 2007-இல் வந்தது. நாமே உணர்கிற பகல் தூக்கக் கலக்கம் குறைய 4 மணி நேரம். பகலில் படுக்கவைத்து எவ்வளவு சீக்கிரம் தூங்குகிறார் என்று கருவியால் அளக்கும் சோதனை இயல்பாக 6 மணி நேரம். அன்றாட வேலைத்திறன் திரும்ப 7.5 மணி நேரம். நாலு மணி நேரத்தில் 'தேவலாம்' என்ற எண்ணம் வந்துவிடும், மூளை இன்னும் தேறியிருக்காது. இதற்கு நடுவில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். ராத்திரி 11 மணிக்குப் போட்டு, 3 மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்து, கழற்றி வைத்துவிட்டுப் படுப்பவருக்குக் காப்பீட்டுக் கணக்கு சரியாகிவிடும். அவருடைய ரெம் தூக்கத்தின் பெரும்பகுதி 3 மணிக்கு அப்புறம் காவல் இல்லாமல் கிடக்கிறது.

சரியாகப் போட்டால் எவ்வளவு திரும்பும்? மிலான் நகரக் குழு ஒன்று கடுமையான ஆப்னியா உள்ள 17 பேரைத் தொடர்ந்து ஸ்கேன் செய்தது. மூன்று மாதத்தில் ஹிப்போகேம்பஸிலும் முன்மூளையின் சில இடங்களிலும் சாம்பல் பொருள் (நரம்பணுக்கள் நிறைந்த பகுதி) கூடியிருந்தது. அவற்றை இணைக்கும் இழைகளான வெள்ளைப் பொருளில் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம்தான் மாற்றம். 12 மாதத்தில் பாதிப்பு ஏறக்குறைய முழுக்கத் திரும்பியிருந்தது. 17 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. மறுபக்கம், ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்து, பாதிப்பேருக்கு வேலை செய்யாத போலி சிபாப் கொடுத்து ஆறு மாதம் நடத்திய ஆப்பிள்ஸ் என்ற அமெரிக்கச் சோதனையின் முடிவு 2012-இல் வந்தது. தூக்கக் கலக்கம் நன்றாகக் குறைந்தது. கவனம், ஞாபகம், திட்டமிடல் ஆகியவற்றை அளந்த முக்கியச் சோதனைகளில் ஆறாவது மாதம் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவது மாதத்தில் மட்டும் திட்டமிடும் திறனில் சிறு முன்னேற்றம். எல்லா மறதியையும் இந்த மெஷின் துடைத்துவிடும் என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். பகலில் சொக்குகிறவருக்கும் நோய் கடுமையாக இருப்பவருக்கும் பலன் தெளிவு. அறிகுறி இல்லாதவர் பெரிய மாற்றத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

மெஷின் என்ன பார்க்கிறது, என்ன பார்க்காது

சிட்னியில் காலின் சல்லிவன் குழு 1981-இல் வெளியிட்ட எளிய உத்திதான் இன்றும் உள்ளே ஓடுகிறது: மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டையை உள்ளிருந்தே விரித்துப் பிடிப்பது. ஏர்சென்ஸ் 10 அதை 4 முதல் 20 செ.மீ. நீர் அழுத்தம் வரை தானே கூட்டிக் குறைக்கும். ஒவ்வொரு மூச்சின் வடிவத்தையும் பார்க்கிறது. மூச்சு உள்ளே போகும் வளைவின் தலை தட்டையானாலோ, குறட்டை அதிர்வு தெரிந்தாலோ, மூச்சு அடைபட்டாலோ அழுத்தம் ஏறும். நிலைமை சரியானதும் மெல்ல இறங்கும்.

இதன் கெட்டிக்காரத்தனம் ஒன்று. மூச்சு நின்றதும் தொண்டை அடைத்ததாலா, அல்லது மூளையே மூச்சுக்குக் கட்டளை அனுப்பாததாலா என்று இது சோதிக்கிறது. நின்ற சில விநாடியில் நொடிக்கு நான்கு தடவை, ஒரு செ.மீ. அளவில், மெல்லிய அதிர்வைக் காற்றில் அனுப்பும். பாதை திறந்திருந்தால் ஒரு விதமாகவும் மூடியிருந்தால் வேறு விதமாகவும் எதிரொலி வரும். திறந்த பாதையில் மூச்சு நின்றால் அழுத்தத்தைக் கூட்டாது. அது சரியான முடிவு. மூளை கட்டளை தராத நேரத்தில் காற்றைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகலாம். ராத்திரி அறிக்கையில் இந்தத் திறந்தபாதை எண்ணிக்கை மணிக்கு 5-க்கு மேல் வாரக்கணக்கில் நின்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதய பலவீனம் உள்ளவர் என்றால் உடனே.

பார்க்காதது இரண்டு. இதற்கு உங்கள் மூளை அலைகள் தெரியாது, ரத்த ஆக்சிஜனும் தெரியாது. காற்றோட்டத்தை வைத்து ஊகிக்கிறது. நீங்கள் விழித்துப் புரண்டுகொண்டிருக்கும்போது மூச்சை அடக்கினாலும் சில சமயம் ஆப்னியா என்று எழுதிவிடும். திரையில் ஏஎச்ஐ 1.2 என்று வந்தும் பகல் முழுக்க மந்தமாக இருந்தால் எண்ணை நம்பி உடம்பைச் சந்தேகிக்கக் கூடாது. ஒரு ராத்திரி விரலில் ஆக்சிமீட்டர் கட்டிப் பதிவெடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

4–20 என்று விட்டுப் போவது

பெட்டியில் வருகிற அமைப்பு 4 முதல் 20. பல இடங்களில் அப்படியே செருகி, ஆன் செய்து காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டு கோளாறு வரும். 4 செ.மீ. அழுத்தத்தில், அதுவும் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழுமுக மாஸ்க்கில், பெரிய உடம்புக்காரர்களுக்குக் காற்று பற்றாமல் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். முதல் ராத்திரியே கழற்றி எறிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அடுத்தது, ஒருவருக்கு 11 தேவை என்றால் 4-இலிருந்து அங்கே ஏறுவதற்குள் பல ஆப்னியாக்கள் நடந்து முடிந்திருக்கும். மெஷின் அடி விழுந்த பிறகுதானே கையை ஓங்குகிறது. மூன்று மணிக்கு எழுந்து வந்து திரும்பப் போட்டால் மறுபடியும் கீழிருந்தே தொடங்கும். சரியாக ரெம் கூடுகிற நேரத்தில்!

வழி இருக்கிறது. ஒன்று அல்லது இரண்டு வாரம் ஓடவிட்டு, நடு அழுத்தத்தையும் (பாதி நேரம் இதற்குள் இருந்தது) 95 சதவீத அழுத்தத்தையும் (95 சதவீத நேரம் இதற்குள் இருந்தது) பாருங்கள். நடு 8.6, 95 சதவீதம் 11.2 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சத்தை 7 அல்லது 8-க்கு உயர்த்தி, மேல் எல்லையை 13 அளவில் வைக்கும்படி டாக்டரிடம் கேட்கலாம். ஹோம் பட்டனையும் சுழல் பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் அமைப்புகள் இருக்கும் மெனு திறக்கும். என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க அது உதவும். மாற்றுவதை டாக்டர் சொல்லிச் செய்யுங்கள்.

ஈபிஆர் என்பது மூச்சை வெளியே விடும்போது அழுத்தத்தை 1, 2 அல்லது 3 செ.மீ. குறைத்துத் தரும் வசதி. பழகாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் 4-க்குக் கீழே மெஷின் இறங்காது. குறைந்தபட்சம் 5 என்று வைத்து ஈபிஆர் 3 போட்டால் அந்த நேரத்தில் கிடைப்பது 1 மட்டுமே. இங்கேயும் குறைந்தபட்சத்தை உயர்த்தினால்தான் வசதி முழுக்கக் கிடைக்கும். தொடக்கத்தில் அழுத்தத்தைக் குறைவாக வைத்துப் பிறகு மெல்ல ஏற்றும் ராம்ப்பை ஆட்டோவில் விடுவது நல்லது. நீங்கள் தூங்கிவிட்டீர்கள் என்று மூச்சின் சீரை வைத்துக் கண்டுபிடித்த பிறகு அழுத்தத்தை ஏற்றும். 45 நிமிஷம் என்று கையால் வைத்தால், பத்தே நிமிஷத்தில் தூங்குகிறவருக்கு மீதி 35 நிமிஷம் அரைகுறைக் காவல்.

மாஸ்க்

வெற்றி தோல்வி இங்கேதான். மெஷினுக்கு நூறு கேள்வி கேட்டு வாங்கிவிட்டு, மாஸ்க்கை மட்டும் கடைக்காரர் கையில் எது வந்ததோ அதை வாங்கிப் போகிறார்கள். மூக்குத் துளையில் பொருந்தும் பி10, மூக்கை மட்டும் மூடும் என்20, மூக்கு வாய் இரண்டையும் மூடும் எஃப்20 என்று ரெஸ்மெட்டிலேயே மூன்று வகை. மூக்கு வழியாக மூச்சு வரும் என்றால் என்20-இல் தொடங்குங்கள். முழுமுகம் பாதுகாப்பானது என்ற எண்ணத்தில் பலர் எஃப்20-க்குப் போகிறார்கள். சுற்றளவு அதிகமாவதால் காற்று கசிய இடமும் அதிகம். வாய் திறந்தே தூங்குகிறவர்களுக்கும், மூக்கடைப்பு தீராதவர்களுக்கும் அது வேண்டும்.

பொருத்திப் பார்ப்பதை உட்கார்ந்துகொண்டு செய்தால் அளவு தப்பும். படுத்தால் கன்னச் சதை பின்னால் சரியும், முகத்தின் வடிவமே மாறும். படுத்து, மெனுவில் இருக்கும் மாஸ்க் ஃபிட் சோதனையை ஓடவிட்டு, காற்று முழு வேகத்தில் வரும்போது பட்டைகளைச் சரிசெய்யுங்கள். முதலில் மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு நூலளவு முன்னே இழுத்து விட்டால் சிலிகான் குஷன் காற்றில் உப்பி, தானே முகத்தில் உட்காரும். அதன் பிறகு பட்டை. கசிகிறதே என்று பட்டையை இறுக்கிக்கொண்டே போனால் குஷன் நசுங்கி இன்னும் கசியும், காலையில் மூக்குத்தண்டில் சிவந்த தழும்பு நிற்கும். இரண்டு விரல் பட்டைக்கு அடியில் நுழைய வேண்டும். ராத்திரி முகத்தில் எண்ணெயோ க்ரீமோ தடவினால் குஷன் வழுக்கும். படுக்கும் முன் முகம் கழுவிவிட்டுப் போடுங்கள்.

கசிவுக்கு எல்லை நிமிஷத்துக்கு 24 லிட்டர். 95 சதவீதக் கசிவு அதற்கு மேல் போனால் மெஷினின் கணக்குகள் தடுமாறும், மூளையும் காற்றுச் சத்தத்திலேயே பாதி விழித்திருக்கும்.

மூன்று மணிப் பிரச்சினைக்குத் தீர்வு மாஸ்க்கிலேயே இருக்கிறது. என்20, எஃப்20 இரண்டிலும் முன்னால் இருக்கும் முழங்கை போன்ற இணைப்பின் இரு பக்கத்தையும் அழுத்தினால் ட்யூப் மட்டும் கழன்று வரும். மாஸ்க் முகத்திலேயே இருக்கட்டும். பாத்ரூம் போய் வந்து படுத்து, இருட்டிலேயே தடவி, 'டக்' என்று செருகினால் முடிந்தது. ஸ்மார்ட்ஸ்டார்ட் போட்டு வைத்திருந்தால் மூச்சு இழுத்ததும் மெஷின் தானே ஓடும். இந்த ஒரு பழக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் பத்துத் தடவை செய்து பழகுங்கள். ஆப்னியா தானே ராத்திரிச் சிறுநீரைக் கூட்டுகிற நோய் என்பதால், சிகிச்சை பிடிபட்டால் பலருக்கு அந்த எழுந்திருப்பதே குறையும்.

மாஸ்க் என்றாலே பதறுகிறவர்கள், மாலையில் டிவி பார்க்கும்போது அரைமணி நேரம் மாட்டிக்கொண்டு உட்காருங்கள், ஒரு வாரம். எஃப்20 போன்ற சில மாஸ்க்குகளின் கொக்கிகளில் காந்தம் இருக்கிறது. பேஸ்மேக்கர் போன்ற கருவியோ, காந்தம் பாதிக்கும் உலோகமோ உடலில் இருந்தால், அல்லது அருகே படுப்பவருக்கு இருந்தால், காந்தம் இல்லாத மாஸ்க் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர், வெக்கை, ஏசி

காற்றுக்கு ஈரம் சேர்க்க, வலப்பக்கம் இழுத்தால் வெளியே வரும் தண்ணீர்த் தொட்டி 380 மில்லி பிடிக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் சூடாகும் அடித்தட்டில் சீக்கிரமே வெள்ளைப் படலம் கட்டிக்கொள்ளும். பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் மூச்சுக்காகச் செய்தது கிடையாது. மருந்துக்கடையில் அல்லது லேப் பொருள் விற்கும் இடத்தில் கேன் வாங்கிக்கொள்ளுங்கள். படலம் கட்டிவிட்டால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்துக் கழுவலாம்.

நம் கடற்கரை ஊர்களில் ஜன்னல் திறந்து, ஃபேன் போட்டுத் தூங்குகிறவர்களுக்கு ஈரப்பதம் தேவைப்படுவதே குறைவு. ஈரப்பத அளவை 1 அல்லது 2-க்கு இறக்கிப் பாருங்கள், அணைத்தும் பார்க்கலாம். ஏசி போட்டால் கதை மாறும். காற்று வறண்டு மூக்கு எரியும். ஈரப்பதத்தைக் கூட்டினால் குளிர்ந்த ட்யூபில் நீராவி தண்ணீராகி, நள்ளிரவில் முகத்தில் சொட்டும், களகள என்று சத்தம் கேட்கும். சூடாகும் கிளைமேட்லைன் ட்யூபைத் தனியே வாங்க வேண்டியவர்கள் இவர்கள்தான். அதைப் போட்டுவிட்டு ஆட்டோவில் விட்டால் 27 டிகிரியை ஒட்டி வைத்துக்கொள்ளும். வாங்காதவர் ட்யூபைப் போர்வைக்குள் விட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மெஷின் 35 டிகிரி வரை வேலை செய்ய வடிவமைத்தது. சித்திரை வெயிலில் மேல்மாடி அறை அதைத் தாண்டும். வெளியே வரும் காற்று அறையைவிடச் சூடாக இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். உயரத்துக்கு 2,591 மீட்டர் வரை தானே சரிசெய்துகொள்ளும், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கவலை இல்லை.

மெஷினைப் படுக்கை மட்டத்துக்குக் கீழே, சின்ன ஸ்டூலில் வையுங்கள். தலைக்கு மேலே அலமாரியில் வைத்தால் சாய்ந்தவுடன் தண்ணீர் ட்யூப் வழியாக முகத்துக்கு இறங்கும். தண்ணீரோடு தூக்கிக்கொண்டு போகக் கூடாது. மோட்டாருக்குள் தண்ணீர் போய்க் கெடுவது அப்படித்தான்.

கரண்ட்

அடாப்டர் 24 வோல்ட், 90 வாட். ஈரப்பதம் ஓடும்போது சராசரி 53 வாட், உச்சத்தில் 104. வீட்டு இன்வெர்ட்டரில் 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி இருந்தால் காகிதத்தில் 1,800 வாட்-மணி. பேட்டரியின் வயதையும் இன்வெர்ட்டர் இழப்பையும் கழித்துப் பாதிதான் கைக்கு வரும் என்று வைத்தால் 900. 75 வாட் பழைய ஃபேனும் மெஷினும் சேர்ந்து ஏழு மணி நேரம். 30 வாட் புதுவகை ஃபேன் என்றால் பத்து மணி நேரத்துக்கு மேல். ஈரப்பதத்தையும் ட்யூப் சூட்டையும் அணைத்தால் மெஷினின் பங்கு நன்றாகவே குறையும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். மெஷினுக்குள் பேட்டரி கிடையாது, கரண்ட் போனால் அந்தக் கணமே நின்றுவிடும். முழுமுக மாஸ்க்கில் வெளிக்காற்று வருவதற்கு வால்வு இருக்கிறது, மூச்சு முட்டிவிடாது.

மதிப்பெண்ணும் கார்டும்

மைஏர் செயலி தினமும் நூற்றுக்கு மதிப்பெண் போடும். அதில் 70, எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்பதற்கு. 20 கசிவுக்கு. எத்தனை தடவை கழற்றி மாட்டினீர்கள் என்பதற்கு 5. மூச்சு நின்ற எண்ணிக்கைக்கு மீதி 5 மட்டும். நோயின் அளவுக்கே ஐந்து மதிப்பெண்! மணிக்கு 20 தடவை மூச்சு நின்றவர்கூட ஏழு மணி நேரம் போட்டிருந்தால் 95-ஐ ஒட்டி வாங்கிவிடலாம். பழக்கத்தை ஊக்கப்படுத்தச் செய்த ஏற்பாடு என்ற அளவில் அது நல்லதுதான். சிகிச்சை சரியாக இருக்கிறதா என்பதற்கு அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உண்மை எஸ்டி கார்டில் இருக்கிறது. கார்டை எடுத்து, பக்கவாட்டுப் பூட்டைத் தள்ளி, கணினி அதில் எழுதாதபடி செய்த பிறகு கணினியில் செருகுங்கள். ஆஸ்கர் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு மூச்சும் கோடாகத் தெரியும். ஒரு ஆப்னியாவைப் பெரிதாக்கிப் பாருங்கள். சீராக ஏறி இறங்கிய அலை சட்டென்று தட்டைக் கோடாகும். நான்கு விநாடி போனதும் அந்தத் தட்டைக் கோட்டில் மெஷின் அனுப்பிய சோதனை அதிர்வு ரம்பப் பல்லாக ஓடும். 18, 20 விநாடி கழித்து மூன்று நான்கு பெரிய மலைகள் போல மூச்சு. அந்த மலைதான் மூளை விழித்த இடம். இப்படிப்பட்டவை ராத்திரியில் எங்கே குவிகின்றன என்று பாருங்கள். நாலரை மணிக்கு மேல் கொத்தாக வந்தால் ரெம், அல்லது மல்லாந்து படுத்தது. ராத்திரி முழுக்கப் பரவி, கசிவும் கூடவே ஏறினால் மாஸ்க். முதல் ஒரு மணி நேரத்தில் மட்டும் என்றால் குறைந்தபட்ச அழுத்தம் போதவில்லை, அல்லது மது குடித்துப் படுத்தது.

மூளை தேறுகிறதா என்று பார்ப்பது

தொடங்கும் முன்பே ஒரு அளவு எடுத்து வையுங்கள். எப்வொர்த் கேள்வித்தாளில் எட்டுக் கேள்வி, 24-க்கு மதிப்பெண். 10-க்கு மேல் என்றால் தூக்கக் கலக்கம் அதிகம். இதைத் தனியாகப் போடாமல் வீட்டில் இருப்பவரையும் வைத்துப் போடுங்கள், பல வருஷம் மந்தமாக இருந்தவருக்கு அதுவே இயல்பாகத் தோன்றும். இன்னொன்று பிவிடி: திரையில் எண் தோன்றியதும் தட்ட வேண்டும், பத்து நிமிஷம். அரை விநாடிக்கு மேல் தாமதித்த தடவைகளை எண்ணுங்கள். மூளை நடுவே நின்றுபோனது அத்தனை தடவை. ஒரே நேரத்தில், காபிக்கு முன்பே, முதல் நாள், 30-ஆம் நாள், 90-ஆம் நாள் செய்து பாருங்கள்.

90 நாள், ராத்திரிக்கு 6 மணி நேரத்துக்கு மேல், ஏஎச்ஐ 5-க்குக் கீழ், கசிவும் இல்லை, அப்படியும் மறதி குறையவில்லை என்றால் தப்பு மெஷினில் இல்லாமல் இருக்கலாம். தைராய்டு, வைட்டமின் பி12, மன அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகள், வெறுமனே தூங்கும் நேரமே போதாதது ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தால் அதுவே ஆப்னியாவையும் கொண்டுவரும். பகல் சொக்கல் போகும் வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

பராமரிப்பும் பழைய மெஷினும்

குஷனைத் தினமும் மிதமான சோப்பில் கழுவுங்கள், முகத்து எண்ணெய்தான் சிலிகானைக் கெடுக்கும். தொட்டியில் மீந்த தண்ணீரைத் தினமும் கொட்டுங்கள். ட்யூபும் தொட்டியும் வாரம் ஒருமுறை கழுவி நிழலில் காயட்டும். ஃபில்ட்டரைக் கழுவக் கூடாது, மாற்ற வேண்டும். கையேடு ஆறு மாதம் என்கிறது. ரோட்டோர வீடு என்றால் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், சாம்பல் நிறமாகிவிட்டால் அன்றே மாற்றுங்கள். ஓசோன் விட்டுச் சுத்தம் செய்யும் பெட்டிகளின் பக்கமே போகாதீர்கள்.

ஏர்சென்ஸ் 11 (2021-இல் வந்தது) தொடுதிரையும் இலேசான உடம்புமாக இருக்கிறது. தொண்டையைத் திறக்கும் வேலையில் பெரிய மாற்றம் இல்லை. விலை வித்தியாசத்தை நல்ல மாஸ்க்குக்கும் சூடாகும் ட்யூபுக்கும் போடுவது மூளைக்கு அதிகப் பலன் தரும்.

பழைய மெஷின் வாங்குகிறவர்கள் ஓடிய மணிக்கணக்கைக் கேளுங்கள். இதன் வடிவமைப்பு ஆயுள் ஐந்து வருஷம். ராத்திரிக்கு ஏழு மணி நேரம் வைத்தால் ஏறத்தாழ 12,800 மணி நேரம். மலிவாகக் கிடைக்கிறதே என்று பிலிப்ஸின் முதல் ட்ரீம்ஸ்டேஷனை எடுத்தால், 2021 ஜூனில் உள்ளே இருக்கும் ஃபோம் சிதைவதாகத் திரும்பப் பெற்ற வரிசையில் அது இல்லை என்று சீரியல் எண்ணை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். எந்தப் பழைய மெஷினுக்கும் மாஸ்க், ட்யூப், தொட்டி, ஃபில்ட்டர் நான்கும் புதிதாக வாங்க வேண்டும். அதில் முந்தையவருக்கு வைத்த அழுத்தம் அப்படியே இருக்கும். உங்கள் தூக்கச் சோதனை அறிக்கையை டாக்டர் பார்த்து, எண்களை மாற்றிக் கொடுத்த பிறகுதான் முதல் ராத்திரி.